பழைய டி.எஃப். ரேடியோவை நம்பிக் கடலில் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படகுச் சாமான் விற்கிற இடங்களிலும் தாத்தா காலத்துப் பெட்டிகளிலும் இன்னும் அகப்படுகிற கருவி இது. மேலே சுழலும் வளையம் வைத்த ரேடியோ, அல்லது தலையில் காம்பஸ் பொருத்திய கைப்பிடி ரேடியோ. ஆங்கிலத்தில் ரேடியோ டைரக்‌ஷன் ஃபைண்டர் என்பார்கள், படகுக்காரர்களுக்கு வெறும் டி.எஃப். அதைக் கையில் எடுத்தவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் கீழே. உதாரணங்களைப் பெரும்பாலும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயிலிருந்து எடுத்திருக்கிறேன். சின்னப் பாய்மரப் படகுகளில் டி.எஃப். நன்றாக வேரூன்றியிருந்த கடல்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கருவி உண்மையில் என்னதான் சொல்கிறது?

ஒரு ரேடியோ நிலையம் நம்மிடமிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. நாம் எங்கே இருக்கிறோம் என்றும் சொல்லாது. ஒரு நிலையத்தின் திசை கிடைத்தால் கடல் வரைபடத்தில் அந்த நிலையத்திலிருந்து ஒரு கோடு போடலாம். நாம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறோம். இன்னொரு நிலையத்தைப் பிடித்து இரண்டாவது கோடு போட்டால், இரண்டும் வெட்டுகிற இடம் நம் இடம்.

குமரி மாவட்டக் கடற்கரையில் கணியம் பார்ப்பதைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரையில் ஒரு மலையுச்சியையும் அதற்கு முன்னால் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் கோத்துக்கொள்வார்கள். வேறொரு பக்கம் அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டும் சேருகிற இடத்தில் மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும். டி.எஃப். அதையே காதால் செய்கிறது, அதனால் மூடுபனியிலும் வேலை செய்யும். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த மதிப்பு முழுக்க மூடுபனியால் வந்தது.

சத்தம் அதிகமாகக் கேட்கும் திசையைத்தானே பார்க்க வேண்டும்?

புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது. பார்க்க வேண்டியது சத்தம் அடங்குகிற திசையை.

வளைய ஆன்டெனா சத்தத்தைக் கிரகிக்கும் விதம் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இருக்கும். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது 20 பாகை திருப்பினாலும் 6 சதவீதம்தான் குறையும், காதுக்கு அது தெரியவே தெரியாது. அடங்கும் இடத்தை ஒட்டி நிலைமை தலைகீழ். அங்கே ஒரு பாகை விலகினால் கேட்பதைவிட ஐந்து பாகை விலகினால் ஐந்து மடங்கு கேட்கும். எனவே அடங்கும் புள்ளி கூர்மையானது, உச்சம் மழுங்கலானது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஏ.எம். பிடிக்கும் பாக்கெட் ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு பகல் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போங்கள். எல்.இ.டி. விளக்கும் மொபைல் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு ரேடியோவை மட்டமாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் முனை நிலையத்தை நோக்கி நீளும்போது பேச்சு சட்டென்று அமிழ்ந்துபோகும். பாட்டு கேட்கும்போது பலர் காரணம் தெரியாமலே ரேடியோவைத் திருப்பி வைத்திருப்பார்கள். அதே சங்கதிதான் இது.

அடங்கும் புள்ளி இரண்டு வருகிறதே, எது சரி?

ஒரு சுற்றில் இரண்டு வரும், 180 பாகை இடைவெளியில். கம்பியின் எந்த முனை நிலையத்தைப் பார்த்தாலும் ரேடியோவுக்கு ஒன்றுதான். நல்ல கருவிகளில் இதற்கென்று கூடுதலாக ஒரு நேர்க்கம்பி ஆன்டெனா இருக்கும். பொத்தானை அழுத்தி அதையும் சேர்த்தால் எட்டு வடிவம் இதய வடிவமாக மாறி ஒரு பக்கம் மட்டும் அடங்கும். கைக்கருவிகள் பலவற்றில் இது கிடையாது. கரை எந்தப் பக்கம் என்று தெரிந்தவருக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் தெரிந்ததாக நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1923 செப்டம்பர் 8 சாட்சி. அமெரிக்கக் கடற்படையின் 14 நாசகாரிக் கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியேகோவுக்கு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போதெல்லாம் கப்பல் சமிக்ஞை அனுப்பும், கரையிலுள்ள நிலையம் திசை பார்த்துத் திருப்பிச் சொல்லும். கலிஃபோர்னியக் கரையின் பாயின்ட் ஆர்குவெல்லோ முனையில் இருந்த நிலையம் கொடுத்த திசைப்படி கப்பல்கள் இன்னும் முனைக்கு வடக்கேதான் இருந்தன. தளபதிக் கப்பலில் இருந்தவர்களோ வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்து முனையைத் தாண்டிவிட்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். ரேடியோ திசை அப்போது புதுச் சரக்கு, அதை நம்பவில்லை. மூடுபனிக்குள் இடப்பக்கம் திரும்பினார்கள். ஹோண்டா பாயின்ட் பாறைகளில் ஏழு கப்பல்கள் நொறுங்கின, 23 பேர் இறந்தார்கள்.

முன்பு இதை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

கலங்கரை விளக்கங்களிலும், அவற்றைப்போலக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் விளக்குக் கப்பல்களிலும் ரேடியோ பீக்கன்கள், அதாவது திசை பார்ப்பதற்கென்றே சமிக்ஞை அனுப்பும் நிலையங்கள், இருந்தன, ஏறத்தாழ 285 முதல் 325 கிலோஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவில் நீண்ட காலம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆறு பீக்கன்கள் வரை ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். மோர்ஸில் தன் பெயரைச் சொல்லும், பிறகு திசை பார்ப்பதற்காக நீளமாக ஓர் ஒலி, மறுபடி பெயர், அப்புறம் மௌனம். அடுத்த நிமிடம் அடுத்த ஆள். ஆங்கிலக் கால்வாய்க் கரையிலுள்ள முனைகளில் போர்ட்லண்ட் பில் தன்னை 'பி பி' என்று சொல்லிக்கொள்ளும், ஸ்டார்ட் பாயின்ட் 'எஸ் பி' என்று.

படகில் ஒருவர் கையில் சீஃபிக்ஸ் போன்ற கைக்கருவி, காதில் ஹெட்போன். அலையில் படகு ஆட, காம்பஸ் அட்டை அதைவிட அதிகமாக ஆடும். நீண்ட ஒலி வந்ததும் மெல்லத் திருப்ப வேண்டும். ஒலி மறைகிற விளிம்பு 342, மறுபடி தலைகாட்டுகிற விளிம்பு 350 என்றால் நடுவை எடுத்து 346 என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குள் நிமிடம் முடிந்துவிடும். தவறவிட்டால் அதே பீக்கனுக்காக இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கடல்நோய் கண்டவருக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் இருந்தவர்கள் புரூக்ஸ் அண்ட் கேட்ஹவுஸ் நிறுவனத்தின் ஹோமர் வைத்திருந்தார்கள். ரேடியோ உள்ளே சுவரில் இருக்கும், காம்பஸோடு கூடிய ஆன்டெனா மட்டும் கையில். அமெரிக்கப் படகுகளில் ஜெனித், ரே ஜெஃபர்சன் பெயர்களில் தலையில் சுழலும் கம்பி வைத்த பெட்டி ரேடியோக்கள் அதிகம்.

அந்தப் பீக்கன்கள் இப்போது இருக்கின்றனவா?

இல்லை. கேள்வியின் உயிர்நாடியே இதுதான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1921-ல் நியூயார்க் துறைமுகத்தை ஒட்டி இரண்டு விளக்குக் கப்பல்களிலும் சீ கர்ட் கலங்கரை விளக்கத்திலும் தொடங்கிய சேவை, ஜி.பி.எஸ். வந்ததும் 1990-களில் தேய்ந்துபோனது. பிரிட்டனிலும் அந்தப் பத்தாண்டின் முடிவோடு கதை முடிந்தது. பல இடங்களில் அதே கோபுரங்களும் அதே அலைவரிசைகளும் ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்தி அனுப்பும் டி.ஜி.பி.எஸ். சேவைக்குப் போயின. அமெரிக்கா அதையும் 2020-ல் நிறுத்திவிட்டது.

எனவே டயலில் அச்சடித்திருக்கும் பீக்கன் பட்டையில் ஊசியை எவ்வளவு நகர்த்தினாலும் பழைய பெயர்கள் எதுவும் கேட்காது. 1970-களின் பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடி, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. கருவி சரியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எதைப் பிடிப்பது?

இரண்டு வகை மிச்சம் இருக்கிறது.

ஒன்று, விமானங்களுக்கான பீக்கன்கள். என்.டி.பி. என்பார்கள், பெரும்பாலும் 190 முதல் 535 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இவை மோர்ஸில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பதால் ஆறு நிமிட அவஸ்தை இல்லை. ஆனால் உலகெங்கும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். கடலோர விமான நிலையத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். 30 கிலோமீட்டர் உள்நாட்டில் இருந்தால் வேறு தொல்லை, அதைக் கீழே சொல்கிறேன். இடமும் பெயரும் நடப்பு விமானப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். கடல் வரைபடத்தில் தேடிப் பயனில்லை.

இன்னொன்று, மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்கள். சக்தி அதிகம், தூரத்திலிருந்தே கேட்கும். இங்கே இரண்டு பொறிகள். ஸ்டுடியோ நகரத்தில் இருக்கும், கோபுரம் வேறெங்கோ வயல்காட்டில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கோபுரத்தின் இடம். இரண்டாவது, ஒரே நிகழ்ச்சியை ஒரே அலைவரிசையில் பல கோபுரங்களிலிருந்து அனுப்பும் வழக்கம். பிபிசியின் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை ஒலிபரப்பு இங்கிலாந்தின் ட்ராய்ட்விச்சிலிருந்தும் ஸ்காட்லாந்தின் வெஸ்டர்கிளென், பர்க்ஹெட் கோபுரங்களிலிருந்தும் ஒருசேரப் போனது. இரண்டு கோபுரங்கள் சேர்ந்து கேட்கிற இடத்தில் கிடைக்கும் திசை இரண்டில் எதையும் காட்டாது.

தமிழகக் கரையில் ஏதாவது கேட்குமா?

ஆகாசவாணி தூத்துக்குடி 1053, திருச்சி 936, சென்னை 720, எதிர்க்கரையில் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் ஆகியவை இந்தக் கடலில் ரேடியோவோடு வளர்ந்தவர்களுக்குப் பழகிய எண்கள். ஆகாசவாணி மத்திய அலையைப் படிப்படியாகக் குறைத்துவருவதால், கரையிலேயே போட்டுப் பார்த்து எது உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பழகுங்கள்.

திசை எவ்வளவு துல்லியமாக இருக்கும்?

அமைதியான கடலில், பழகிய கையில், பகலில், 2 முதல் 3 பாகை. படகு ஆடினால் 5 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 பாகைப் பிழை 30 கடல் மைலில் ஒன்றரை மைலுக்கு மேல், 50 மைலில் இரண்டரை மைலுக்கு மேல். பாறை நிறைந்த கரையில் இரண்டரை மைல் என்பது வாழ்வா சாவா என்கிற தூரம். மூன்று கோடுகள் போட்டால் ஒரு புள்ளியில் சேராது, முக்கோணம்தான் கிடைக்கும். முக்கோணத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துத் திருப்தி அடைவதை நான் ஏற்கமாட்டேன். ஆபத்துக்கு மிக அருகில் இருக்கும் மூலையில் இருக்கிறோம் என்று எண்ணி ஓட்டுவது பழைய மாலுமிகளின் பழக்கம், அதுவே சரி.

இது கையால் வரும் பிழை. கருவியும் கடலும் சேர்க்கும் பிழைகள் தனி.

கப்பலின் இரும்பு உடலும் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளும் அலையை வாங்கித் திருப்பி வீசும். இதனால் வரும் பிழை அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனையிலிருந்து) 45 பாகை விலகிய திசைகளில் மிக அதிகம். கப்பலில் இதற்காக, ஒரு பீக்கன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கப்பலை ஒரு முழு வட்டம் திருப்பிக் கண் திசையையும் ரேடியோ திசையையும் ஒப்பிட்டுத் திருத்த அட்டை தயாரிப்பார்கள். கண்ணாடியிழைப் படகில் இது குறைவு. ஆனால் கைப்பிடிக் கம்பிகள் படகைச் சுற்றி ஒரே வளையமாக மூடியிருந்தால் அதுவே ஓர் ஆன்டெனாவாகிவிடும். கம்பியின் ஒரு முனையை நைலான் கயிற்றால் கட்டி வளையத்தை உடைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது கரை. அலை நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்கும்போது வளைகிறது, கண்ணாடித் தம்ளருக்குள் கரண்டி வளைந்து தெரிவதுபோல. கரையைச் செங்குத்தாகக் கடந்தால் பிழை இல்லை. கரையோரமாகச் சாய்ந்து உரசிக்கொண்டு வந்தால் 5 பாகை வரை போகும். உள்நாட்டு விமான பீக்கன் தொல்லை என்றேனே, அது இதுதான். கடல் பீக்கன்களை முனைகளிலும் தீவுகளிலும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைதூர ஒலிபரப்பு நிலையமானால் பூமியின் வளைவுக்கும் திருத்தம் வேண்டும். 50 பாகை அட்சரேகையில், நிலையத்துக்கும் நமக்கும் தீர்க்கரேகை 5 பாகை வேறுபட்டால் திருத்தம் ஏறக்குறைய 2 பாகை. பக்கத்து நிலையத்துக்கு மறந்துவிடலாம்.

அப்புறம், யாரும் சொல்லித்தராத ஒன்று. கைக்கருவியில் காம்பஸ் முகத்துக்கு நேரே இருக்கும். ஹெட்போனில் காந்தம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் இரும்பாக இருந்தால் அதுவும் ஊசியை இழுக்கும். வாரக்கணக்கில் என் திசைகள் ஒரே பக்கமாகப் பிசகிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் சட்டைப்பையில் இருந்த ஸ்குரூ டிரைவர்.

இரவில் பயன்படுத்தலாமா?

கூடாது. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து விடிந்து ஒரு மணி நேரம் வரை, வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் தரை அலையும் கலந்துவிடும். அடங்கும் புள்ளி அகன்று, மங்கி, நகர்ந்துகொண்டே இருக்கும். இருபது இருபத்தைந்து மைலுக்குள் இருக்கும் பீக்கனுக்கு ஓரளவு பரவாயில்லை. ராத்திரி தொலைதூர நிலையங்கள் தெளிவாகக் கேட்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தெளிவாகக் கேட்பது வேறு, திசை சரியாக இருப்பது வேறு.

நிலையத்தை நேராக அணியத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் போதாதா?

சுலபமான வழி, பிழையும் குறைவு. அணியத்துக்கு நேரே வரும் திசையில் இரும்பால் வரும் பிழை மிகக் குறைவாக இருக்கும். துல்லியமாகப் போய்ச் சேரலாம். சில சமயம் ரொம்பவே துல்லியமாக.

டைட்டானிக்கின் சகோதரிக் கப்பலான ஒலிம்பிக், 1934 மே 15 அன்று மூடுபனியில் நியூயார்க்கை நோக்கி வந்தது. நான்டக்கெட் விளக்குக் கப்பலின் பீக்கனைப் பிடித்து அதை நோக்கியே ஓட்டினார்கள். பக்கத்தில் போனதும் விலகுவதாகத் திட்டம். எவ்வளவு பக்கத்தில் என்பதைத்தான் டி.எஃப். சொல்லாதே. நங்கூரமிட்டு நின்ற விளக்குக் கப்பலை நடுவில் பிளந்துவிட்டது. அதிலிருந்த 11 பேரில் ஏழு பேர் இறந்தார்கள்.

கரையிலுள்ள நிலையத்தை நோக்கி ஓட்டினாலும் இதே கதைதான். நிலையத்தை ஒரு பக்கமாக வைத்து, ஆழம் அளக்கும் கருவியையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

ஜி.பி.எஸ். முடக்கப்பட்டால் இது கைகொடுக்குமா?

சமீப காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது, காரணமும் இருக்கிறது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ்., அவை கரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. பால்டிக் கடலிலும் தொந்தரவு தொடர்கிறது.

டி.எஃப்.பை செயற்கைக்கோள் வழியாக ஏமாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் அதற்குத் தேவையான நிலையங்கள் கரையில் இல்லை என்பதும் உண்மை. இந்த இடைவெளியை நிரப்ப ஐரோப்பாவில் ஆர்-மோட் என்ற முறையைச் சோதித்துவருகிறார்கள். டி.ஜி.பி.எஸ். கோபுரங்கள் நேரக்குறி கலந்த சமிக்ஞையை அனுப்பும், கப்பல் அதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். பழைய பீக்கன்களின் அதே அலைவரிசைப் பட்டைதான், ஆனால் இந்த முறை அளப்பது திசையை அல்ல. உங்கள் பழைய பெட்டிக்கு இதில் வேலை இல்லை.

என் கருத்து: முதல் மாற்று கடல் வரைபடம், காம்பஸ், கடிகாரம், ஆழமானி. டி.எஃப். அவற்றுக்கெல்லாம் பின்னால், ஐந்தாவது இடத்தில். கரை வலப்பக்கமா இடப்பக்கமா என்ற சந்தேகம் வந்தால் ஒரு மத்திய அலை நிலையம் அதைத் தீர்த்துவைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

சட்டப்படி இது வழிகாட்டும் கருவியாகக் கணக்கில் வருமா?

வராது. ஒரு காலத்தில் 1600 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் டி.எஃப். கட்டாயம். அந்த விதி போய்விட்டது.

மீட்புப் படகுகளில் இன்னும் டி.எஃப். இருக்கிறதே?

இருக்கிறது, அது வேறு இனம். வி.எச்.எஃப். ரேடியோவில் உதவி கேட்பவர் எந்தப் பக்கம் என்று காட்டும். ஆபத்துக்கால எபெர்ப் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சொல்லும், கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிணுங்கலும் விடும். அந்தச் சிணுங்கலைப் பின்தொடர்ந்துதான் கடைசி சில மைல்களைக் கடக்கிறார்கள். அந்தக் கருவி விளக்கு வரிசையிலோ திரையிலோ திசையைத் தானாகவே காட்டிவிடும், காதை நம்ப வேண்டியதில்லை.

பழைய கருவி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். முப்பது வருடமாக உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தால், அந்த அமிலமும் காரமும் கம்பி வழியாக எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தொடுமுனைகளோடு நின்றிருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்புத்தாளும் போதும். காம்பஸில் காற்றுக்குமிழ் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதைத் திரும்ப நிரப்புவது நுணுக்கமான வேலை.

1960-களின் பிரிட்டிஷ் கருவியானால் உள்ளே ஏஎஃப்117 வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருக்கலாம். உலோகக் கூட்டுக்குள் மெல்லிய தகர மயிர்கள் முளைத்து உள்ளிருக்கும் இணைப்பைக் கூட்டோடு ஒட்டிவிடும். கூட்டுக்குப் போகிற நான்காவது காலை வெட்டிவிட்டால் பல சமயம் செத்த ரேடியோ பேச ஆரம்பிக்கும். நான் வெட்டிய முதல் காலில் இது நடந்தபோது பயந்தே போனேன், யாரோ அறைக்குள் வந்து பேசுவதாக நினைத்து.

வால்வு வைத்த கப்பல் கருவியை நேராக மின்சாரத்தில் சொருகாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பழைய காகித மின்தேக்கிகள் கசிந்திருக்கும். அவற்றை மாற்றிய பிறகே மின்சாரம். போர்க்காலக் கருவியின் அட்டை இருட்டில் ஒளிரும்படி பூசப்பட்டிருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். கண்ணாடியைத் திறந்து சுரண்டாதீர்கள்.

கடைசியாக, கடலுக்குப் போகாமல் பழக வழி உண்டா?

உண்டு. திறந்த மைதானத்துக்குப் போய், இடம் தெரிந்த ஒரு கோபுரத்தின் திசையைப் பத்து முறை எடுத்து எழுதுங்கள். முந்தைய எண்ணைப் பார்க்காமல் எடுக்க வேண்டும், எழுதுவதற்கு இன்னொருவர் இருந்தால் நல்லது. பிறகு மொபைல் வரைபடத்தில் உண்மையான திசையை அளந்து, காம்பஸின் காந்த விலகலையும் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) சேர்த்து ஒப்பிடுங்கள். பத்தும் எவ்வளவு சிதறுகிறதோ அது உங்கள் கையின் பிழை. பத்தும் சேர்ந்து ஒரே பக்கம் விலகினால் அது கருவியின் பிழை, அல்லது உங்கள் சட்டைப்பையில் இருப்பதன் பிழை.